முழுசாக வர வேண்டிய சுரைக்குடுவை

சுரைக்குடுவை எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. சின்னப் பெட்டியில் வைத்தால் மூடி மூடவில்லை. பெரிய பெட்டியில் வைத்தால் உள்ளே உருண்டது. போம்சு மூன்றாவது முறையாக அதை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வீடு மாற்றித் தரும் ஆட்கள் காலை எட்டு மணிக்கே சுவோன் நகரில் இருந்த அந்த ஐந்தாவது மாடி வீட்டுக்குள் புகுந்து, சட்டி பானை முதல் பல் விளக்கும் பிரஷ் வரை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் குடுவையை மட்டும் அவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பது மாமியார் உத்தரவு.

காய்ந்த சுரைக்காயைப் பாதியாகப் பிளந்து குடைந்த சாதாரணக் குடுவைதான் அது. வீடு மாற நாள் குறித்துக் கொடுத்த கையோடு, மாமியார் ஓக்பூன் அம்மாள் அதையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"புது வீட்டு வாசல் வரைக்கும் இதுல ஒரு கீறல் விழக் கூடாது. நீங்களே உங்க கையால கொண்டாந்து எங்கிட்ட குடுக்கணும், ஆமா."

போம்சுவின் கைராசி அப்படி. முதன்முதலாக அவள் வீட்டுக்குப் போன அன்றே சோயா ஜாடியின் மூடியை உடைத்தான். அடுத்த பண்டிகைக்கு மீன் தட்டு. போன வருஷம் குளியலறைக் கண்ணாடி. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவள் அவனை ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று அழைத்ததில்லை. 'உங்களத்தான்' என்பாள். அது அவனுக்கு உள்ளுக்குள் வலித்தது.

குடுவை அவர்கள் குடும்பத்துப் பரம்பரைச் சொத்தாக இருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். அவனுடைய அப்பா சர்ச்சில் மூப்பர். நாள் கிழமை, சாங்கியம் எதுவும் எட்டிப் பார்க்காத வீடு. கல்யாணமும் சர்ச்சோடு முடிந்துபோனது. 'ஒரு சாங்கியமும் பண்ணல' என்று ஓக்பூன் அம்மாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

"சார், தட்டுக்குச் சுத்தின காகிதத்தை ஏன் உருவுறீங்க?" என்றாள், அடுக்களைச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த யாங் அக்கா.

"குடுவைக்குப் பத்தல அக்கா."

"தட்டு உடையுமே!"

"உடையட்டும். அது எங்க கல்யாணப் பரிசுதான்."

எட்டுத் தட்டுகளின் காகிதத்தையும் சுற்றியதில் குடுவை மெத்தை மூட்டை அளவுக்கு வீங்கியது. வைக்க இடமில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தவன் கண்ணில் சோற்றுக் குக்கர் பட்டது. காகிதத்தை எல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, குடுவையை அதற்குள் வைத்து அழுத்தினான். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. போம்சுவுக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

போன் அடித்தது. மனைவி நாரே. காலையிலேயே அம்மாவோடு புது வீட்டைத் துடைக்கப் போயிருந்தாள்.

"ஏங்க, குக்கர்ல அரிசி ரொப்பிக் கொண்டாங்க. வீட்டுக்குள்ள முதல்ல அதுதான் போகணுமாம். குடுவை பத்திரமா?"

"பத்திரமா இருக்கு. இதைவிடப் பத்திரமா இருக்க முடியாது."

அது உண்மைதான். இழுத்தான், வரவில்லை. ஓரத்தில் எண்ணெய் விட்டான். எண்ணெய் வழிந்து கை வழுக்கியதே தவிர, குடுவை அசையவில்லை.

"கவுத்து ரெண்டு தட்டு தட்டுங்க சார்" என்றாள் யாங் அக்கா.

"தட்டவா? அதைத் தட்டவே கூடாது அக்கா!"

தட்டாமல், ஒரு சூப்புக் கரண்டியைச் சந்தில் விட்டு மெல்ல நெம்பினான். 'டப்' என்றது. குடுவை சுலபமாக வெளியே வந்தது, இரண்டு துண்டாக.

போம்சு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இதுக்கா சார் இப்படிப் பதறுறீங்க? எப்படியும் இதை—" என்று யாங் அக்கா ஆரம்பித்தபோது அவன் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.

"என்ன ஒட்டணும்?" என்று கேட்டார் தெருமுனை இரும்புக் கடைக்காரர்.

"மாமியார் சாமான்."

கடைக்காரர் முகம் மாறியது. மேசைமேல் இருந்ததைத் தள்ளிவிட்டு, உள் அறையிலிருந்து ஒரு பசையை எடுத்துவந்தார். "படகுல ஓட்டை அடைக்கிறது. ஒரு மணி நேரம் காயட்டும். அப்புறம் மேல ஏறிக் குதிச்சாலும் அசையாது."

"ரெண்டு குடுங்க."

இரண்டையும் பூசினான். மனம் கேட்காமல், உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து அதன்மேலும் பூசினான். ஒட்டிய கோடு தெரியாமலிருக்கக் காப்பித்தூளைத் தேய்த்தான். காய்ந்த பிறகு பார்த்தால், உடைவதற்கு முன்பு இருந்ததைவிடக் கம்பீரமாக இருந்தது.

லாரியில் ஏறும்போது வழக்கம்போல் அது கை நழுவிச் சாலையில் விழுந்தது. 'டங்' என்று துள்ளி, சக்கரத்தில் மோதி, திரும்பி அவன் காலடிக்கே வந்தது. ஒரு கீறல் இல்லை. போம்சு அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

புது வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். நாரே அரிசி நிரப்பிய குக்கரை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போம்சு இரண்டு கையாலும் குடுவையை நீட்டினான்.

ஓக்பூன் அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் கண் ஒட்டிய கோட்டின்மேலேயே இருந்தது.

"அட, முழுசா வந்திருக்கே!"

மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவள் முகம் அவனைப் பார்த்து மலர்ந்தது. போம்சுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் குனிந்து குடுவையை வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். சாமான் தூக்கி வந்தவர்கள் சோபாவை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். யாங் அக்கா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓக்பூன் அம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"ம், மிதிங்க மாப்பிள்ளை! ஒரே மிதியில நொறுங்கணும், அப்பத்தான் பீடை ஓடும்; தொட்டதையெல்லாம் உடைக்கிற ஆளாச்சேன்னு உங்களை நம்பித்தானே இதை வாங்கினேன்!"