சார்ஜன் தம்புசாமியின் ஒல்லி ஃபைல்

ஃபைல் வண்டி வார்டுக்குள் நுழைந்ததும் தம்புசாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். கர்னல் வந்தால் எப்படி உட்காருவாரோ அப்படி.

கோலாலம்பூரில் இருக்கும் அந்த ராணுவ மருத்துவமனையில் இன்னும் எல்லாமே காகிதம்தான். டாக்டர் வருவதற்கு முன்னால் ரெக்கார்டு அறையிலிருந்து வாணி என்கிற பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் அந்தந்த நோயாளியின் ஃபைலை வைப்பாள்.

தம்புசாமியின் கால்மாட்டில் வைத்தாள். சத்தமே இல்லை. கல்யாணப் பத்திரிகை கனம்கூட இல்லாத ஃபைல்.

அடுத்த கட்டிலுக்குப் போனவள் மூச்சுப் பிடித்துக் குனிந்து, இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினாள். தொப்பென்று கட்டில் அதிர்ந்தது. நான்கு பாகங்கள். ஆஸ்பத்திரிப் பேச்சில் நாலு ஜிலிட்.

அந்தக் கட்டிலில் இருந்தவர் ரெங்கசாமி. ஓய்வுபெற்ற கோப்ரல். ராணுவத்தில் சோறு வடித்தவர். தம்புசாமியோ கோப்ரலுக்கு ஒரு படி மேலான சார்ஜனாக ஓய்வுபெற்றவர். காட்டில் படுத்து, மலேரியாவில் நடுங்கி, லோரியிலிருந்து விழுந்து தோள்பட்டை உடைந்தவர். அவருக்கு ஒரு பத்திரிகை, சமையல்காரனுக்கு நாலு ஜிலிட்டா?

"எதுக்குய்யா வந்த நீ?" என்றார் தம்புசாமி.

"நகச்சுத்தி, சார்ஜன்" என்று ரெங்கசாமி கட்டுப் போட்ட கட்டைவிரலைக் காட்டினார். "ஊசி போட்டு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அந்த ஃபைல பாத்துட்டு எல்லா டாக்டரும் வந்து நிக்கிறாங்க. எனக்கே வெக்கமா இருக்கு."

அந்த அடக்கம்தான் தம்புசாமிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உண்மையிலேயே பெரிய டாக்டர்கள் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று, ஏடு ஏடாகப் புரட்டி, "இவ்வளவு தாங்கியிருக்காரே!" என்று தலையாட்டினார்கள். தம்புசாமியிடம் வந்தபோது, "கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போலாம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அவர் வாணியைக் கூப்பிட்டார்.

"என்னோட பழைய ஜிலிட்டெல்லாம் எங்க?"

"பழைய ஸ்டோர்ல வெள்ளம் பூந்துச்சு அங்கிள். நெறைய ஃபைல் போயிடுச்சு. உங்களுக்கு இப்ப உள்ளதுதான் இருக்கு."

"இருபத்தோரு வருஷ சர்வீஸ்மா!"

"இங்க இருங்க அங்கிள், தன்னால தடிச்சிடும் லா" என்று சிரித்துவிட்டு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

விளையாட்டாகச் சொன்னாள். தம்புசாமி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் வந்ததும் தலை சுற்றுகிறது என்றார். டாக்டர் வசுந்தரா இளம் பெண், கேப்டன் பதவி; எதையும் எழுதாமல் விடமாட்டார். இரண்டு தாள் எழுதினார். தம்புசாமி மகிழ்ந்தார். ஆனால் விழுந்துவிடக்கூடாது என்று கட்டிலின் இரு பக்கமும் கம்பியைத் தூக்கி மாட்டிவிட்டார்கள். கழிவறைக்குப் போகவும் தடை. மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

அன்றைக்கு ரெங்கசாமியின் ஃபைலில் மூன்று தாள் ஏறியது.

உடனே தம்புசாமிக்கு நெஞ்சு அடைத்தது. வயர் மாட்டினார்கள், நீள நீளமாகக் கோடு போட்ட தாள் வந்தது. அதை மடித்து ஃபைலில் வைத்தபோது கொஞ்சம் உப்பலாகத்தான் இருந்தது. அதோடு உப்பில்லாத கஞ்சியும் வந்தது. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜும் ரத்தாயிற்று.

மாலையில் பிரிக்பீல்ட்சிலிருந்து வந்த மனைவி அமுதவள்ளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"சனிக்கிழமை பேத்திக்கு நிச்சயதார்த்தம். கிள்ளான்லேருந்து மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வராங்க. தட்டு மாத்த வேண்டிய பெரிய மனுஷன் நீங்க. இங்க படுத்துக்கிட்டு கஞ்சி குடிக்கிறீங்களா?"

"நெஞ்சு வலிடி."

"நேத்து கோழிப் பிரட்டல் எடுத்துட்டு வா, காரம் தூக்கலா வேணும்னு போன்ல சொன்னீங்களே, அந்த நெஞ்சா?"

தம்புசாமி யோசித்தார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் மூத்தவன் இல்லாமல் தட்டு மாற்றியதில்லை. காலையில் டாக்டரிடம், "வலி போயிடுச்சு மேடம். தலை சுத்தலும் இல்ல. சும்மா சொன்னேன்" என்றார்.

"சும்மா சொன்னீங்களா?" டாக்டர் பேனாவை எடுத்தார். "முதல்ல என்ன சொன்னோம்னு ஞாபகம் இருக்கா அங்கிள்? இன்னிக்கு என்ன கிழமை? நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாங்க."

"சார்ஜன்கிட்ட கணக்குக் கேக்குறீங்களா மேடம்?"

"கோபம் வருது" என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார் டாக்டர். ஞாபகசக்திப் பரிசோதனை என்ற தலைப்பில் புதிதாக ஒரு பகுதியே ஃபைலில் சேர்ந்தது. அதை முடிக்காமல் வீட்டுக்கு விடமுடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஃபைல் தடித்துத்தான் இருந்தது. ஆனால் எப்படிப்பட்ட தடிப்பு! போர்வீரனின் ஃபைலா அது? கிழட்டுப் புத்தி கெட்டவனின் ஃபைல். இந்த நிலையில், அவர் வரமுடியாது என்று கேள்விப்பட்ட வருங்காலச் சம்பந்தி கமலநாதன் வெள்ளிக்கிழமை மாலை நேரிலேயே பார்க்க வருகிறார் என்று அமுதவள்ளி போன் செய்தாள். கமலநாதன் கிள்ளானில் தலைமையாசிரியராக இருந்தவர். எதையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்.

வெள்ளிக்கிழமை மதியம் ரெங்கசாமியை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனார்கள். நாலு ஜிலிட்டும் கட்டிலின் மேல் அநாதையாகக் கிடந்தன. தம்புசாமி கம்பியைத் தாண்டி இறங்கினார். மூன்றாவது ஜிலிட்டின் நூலை அவிழ்த்து, பழுப்பேறிய தாள்களில் ஒரு கைப்பிடியை உருவித் தன் ஃபைலின் நடுவில் செருகிக் கட்டினார். இருபத்தோரு வருஷ சேவையில் இவ்வளவு துணிச்சலான காரியத்தை அவர் செய்ததில்லை.

மாலையில் கமலநாதன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார். அமுதவள்ளி பக்கத்தில். எக்ஸ்ரே முடிந்து வந்த ரெங்கசாமியும் மரியாதையாக எழுந்து உட்கார்ந்துகொண்டார். டாக்டர் வசுந்தரா வந்து தம்புசாமியின் ஃபைலைத் தூக்கினார். தூக்கியவர் புருவமும் உயர்ந்தது.

"பழைய ரெக்கார்டு கெடச்சிடுச்சா அங்கிள்? குட். இதப் பாத்தா உங்க உடம்ப நல்லா புரிஞ்சிக்கலாம்."

"சத்தமா படிங்க மேடம்" என்றார் தம்புசாமி, மீசையைத் தடவிக்கொண்டு. "சம்பந்தியும் கேக்கட்டும்."

டாக்டர் அந்தக் காலத்து நர்ஸ் ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதிவைத்த குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தார்.

"நோயாளி அடுத்த கட்டில்காரருக்கு வரும் பாலையே எட்டிப் பார்க்கிறார். தன் டம்ளரில் குறைவு என்று தினமும் புகார். அவருக்கு ரெண்டு ஊசி போட்டீங்க, எனக்கு ஏன் ஒண்ணுதான்னு சண்டை. அவருக்குப் புதுப் போர்வை கொடுத்ததால் சாப்பிட மறுத்தார். அவர் தூங்கும்போது போர்வையை உருவித் தான் போர்த்திக்கொண்டார்."

கமலநாதன் உரித்த வாழைப்பழத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது... நீங்களா சம்பந்தி?"

தம்புசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, இப்படியும் ஒரு அற்பமா? அடுத்தவன் பாலை அளந்து பார்க்கிறவனா இந்த ரெங்கசாமி? இந்தக் கேவலத்தைத் தலையில் சுமந்துகொண்டு நாளைக்கு எப்படித் தட்டு மாற்றுவது? திருடன் என்று சொன்னாலும் தாங்கலாம். பொறாமைக்காரன் என்று தன் குடும்பத்தில் யாரையும் யாரும் சொன்னதில்லை.

அவர் கட்டிலிலிருந்து இறங்கி விறைப்பாக நின்றார்.

"மேடம், அது என் தாள் இல்ல. இவனோடது. மதியம் நான்தான் இவன் ஃபைல்லேருந்து திருடி என் ஃபைல்ல வெச்சேன்."

"ஐயோ, என்னங்க!" என்று அமுதவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலை சுத்தல், நெஞ்சு வலி எல்லாம் பொய். ஃபைல் தடிக்கணும்னு சொன்னது. தப்புதான். ஆனா பால் டம்ளர எண்ணுற புத்தி நம்ம குடும்பத்துல கெடையாது."

ரெங்கசாமி திருதிருவென விழித்தார். "எனக்குப் பாலே ஒத்துக்காதே சார்ஜன்..."

"மழுப்பாத ரெங்கா. எழுதியிருக்கு."

"எழுதியிருந்தா நானாத்தான் இருக்கும்" என்று அந்த நல்ல மனிதர் ஒப்புக்கொண்டு, வெட்கத்தோடு போர்வையைக் காலடிக்குத் தள்ளிவைத்தார்.

கமலநாதன் எழுந்து தம்புசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு பேர் முன்னாடி தப்ப ஒத்துக்கிட்டீங்களே, இதுதான் சம்பந்தி பெரிய மனுஷத்தனம். இப்படிப்பட்ட குடும்பத்துல பொண்ணு எடுக்குறது எங்களுக்குப் பெருமை."

டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. "பொய்தான்னா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலைல வீட்டுக்குப் போங்க அங்கிள். வாணிய கூப்பிடுறேன், தாள எல்லாம் சரியான ஃபைல்ல சேக்கட்டும்."

தம்புசாமியின் நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது. ரெங்கசாமியைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சொன்னார்: "மனசுல வெச்சுக்காத. இனிமேயாவது அடுத்தவனுக்குக் கெடைக்கிறதப் பாத்துப் பொறாமப்படாம இரு."

"சரிங்க சார்ஜன்."

வாணி வந்தாள். உருவிய தாள்களை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தாளின் மூலையையும் உற்றுப் பார்த்தாள். பிறகு ரெங்கசாமியின் நாலு ஜிலிட்டையும் திறந்து, உள்ளே அங்கங்கே புரட்டினாள்.

"அங்கிள், உங்க ராணுவ நம்பர் சொல்லுங்க."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் தம்புசாமி. குதிகாலைச் சேர்த்து வைத்து, சம்பந்தி கேட்கும்படி, மலாயில் ஒவ்வோர் இலக்கமாக முழங்கினார். வாணியின் விரல் தாளில் ஒவ்வோர் இலக்கமாக நகர்ந்து, கடைசியில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் திருடல அங்கிள், வெள்ளத்துல வெளி அட்டைதான் மாறிப்போச்சு. பால எண்ணுனதுலேருந்து போர்வைய உருவுனது வரைக்கும், நாலு ஜிலிட்டும் உங்களோடதுதான்!"