இயக்குநரின் ஆவி உட்கார்ந்த நாற்காலி

வாரத்தில் ஆறு நாள், மதியம் இரண்டு மணிக்கு, செத்துப்போன ஒரு திரைப்பட இயக்குநர் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். உயிரோடு இருந்த காலத்தில் மனிதர் சொந்தப் படப்பிடிப்புக்கே ஐந்து மணி நேரம் தாமதமாக வருவார். செத்த பிறகுதான் ஒழுங்கு வந்தது. ஞாயிறு விடுமுறை.

அவர் வந்தது ஒரு சலவைக்கடையின் மாடிக்கு. அவரைப் பார்க்க நின்ற வரிசை அந்தக் கடையைச் சுற்றி, மருந்துக்கடை வாசலை அடைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தம் வரை போயிற்று. பேருந்துக்கு நின்றவர்கள் சிலர் தெரியாமல் வரிசையோடு உள்ளே வந்து, ஆவியைத் தரிசித்துவிட்டுப் போனதும் உண்டு.

எல்லாம் 'பூட்டுக்காரன்' படத்துக்காக. ஆறு பாகம் வந்துவிட்டது. ஆறாம் பாகத்தின் கடைசியில் கதாநாயகன் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்குகிறான். 'தொடரும்' என்று எழுத்து வந்தது. அடுத்த மாதமே இயக்குநர் போய்ச் சேர்ந்தார். பதினோரு வருடமாக அவன் தொங்குகிறான்; கை வலித்ததென்னவோ ரசிகர்களுக்கு.

இந்த வலிக்கு மருந்தாக வந்தவர்தான் அசரீரியார். முன்பு தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். தியேட்டரை இடித்தபோது ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிவந்தார். ஆள் உட்கார்ந்தால் இறங்கும், எழுந்தால் டப்பென்று மடங்கும் ரகம். "இயக்குநர் இதுலதான் உட்காருவார்" என்றார். நீல விளக்கைப் போட்டார். எதிரே ஒரு சாய்வு நாற்காலியில், கால்வரை சால்வை போர்த்திக்கொண்டு தாமும் சாய்ந்தார். மணி அடிக்கும், மடங்கியிருந்த இருக்கை மெல்லத் தானாக இறங்கும். ஆவி உட்கார்ந்துவிட்டது! கூட்டம் மரியாதையாக எழுந்து நிற்கும். ஏழாம் பாகம் வந்தே தீரும் என்று ஆவி அசரீரியார் வாயால் வாக்குக் கொடுக்கும். ஒரு வங்கி அதிகாரி தேம்பி அழுவார். காற்றுக்கு இவ்வளவு எடை ஏது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

முன்வரிசையில் ஒரு தையல்காரர் தினமும் இருப்பார். ஒன்பது வயதில் முதல் பாகத்தைப் பார்த்தவர். இன்று அவர் தைத்த சட்டையில் பை முதுகில் இருந்தது. கண்ணில் புரை. "இந்த மாசமே ஆபரேஷன் பண்ணிடுங்க. தள்ளிப் போட்டா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரர் அதற்கும் ஆவியிடம் அனுமதி கேட்டார்.

அசரீரியார் வாய்வழியாக ஆவி பேசியது: "முதல் பாகத்தைப் பார்த்த கண்ணாலதான் ஏழாம் பாகத்தையும் பார்க்கணும். லென்ஸ் மாத்தின கண்ணு ஒண்ணு வந்தாலும் படம் நின்னுடும்!"

"நிக்க விடமாட்டேன் ஐயா. ஆனா ஒரு பயம். தயாரிப்பாளரோட மாப்பிள்ளைதான் எடுக்கப்போறாராமே. பூட்டுக்காரனை டான்ஸ் ஆட விட்டுடுவாரோ?"

"நான் பாத்துக்கறேன்" என்றது ஆவி. அதற்கு வேலை ஜாஸ்தி.

தையல்காரரின் மனைவி பஸ் கண்டக்டர். நாற்பது பேர் ஒரே குரலில் "எடுத்தாச்சு" என்றாலும், "எங்கே, காட்டுங்க" என்று கை நீட்டுகிற உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு.

"படம் வந்தா எந்தக் கண்ணால பாப்பீங்க? இப்பவே என்னை வாசக்கதவுன்னு நெனச்சுத் தள்ளறீங்க."

"ஆவி சொல்லியிருக்குடி!"

"சரி, நானும் வர்றேன். எங்கிட்டயும் சொல்லட்டும்."

மறுநாள் பணி முடிந்த கையோடு, தோளில் தோல்பையுடன் வந்து உட்கார்ந்தாள். மணி அடிக்கப் போகும் சமயம் எழுந்தாள்.

"ஐயா, ஒரு சின்ன உதவி. எங்க வீட்டுக்காரருக்குக் கண் சரியாத் தெரியல. அந்த நாற்காலியை ஒரு நாலடி இந்தப் பக்கம் போட்டா நல்லாப் பாப்பார்."

"கூடாது!" அசரீரியார் பதறினார். "ஆவிக்கு அந்த இடம்தான் தெரியும்."

"மேல் உலகத்துலேர்ந்து இறங்கி, தெரு கண்டுபிடிச்சு, சலவைக்கடைக்கு மேல மாடி கண்டுபிடிச்சு வர்றவருக்கு இந்த நாலடி தெரியாதா?"

"ஏம்மா, பெரியவங்க சொன்னா கேளு" என்றார் வங்கி அதிகாரி.

அவள் கேட்கவில்லை. வேலைப் பழக்கத்தில், "முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க!" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

ஆவி வரவில்லை. கால் வந்தது. சால்வைக்குள்ளிருந்து அசரீரியாரின் வலது கால் விறைத்து நீண்டது. பெருவிரல் முன்னே போக, பின்னாலேயே அசரீரியாரும் தரையில் வழுக்கிக்கொண்டு போனார். அதே நேரம் இருக்கை படாரென்று இறங்கியது. இதுவரை இல்லாத வேகத்தில்.

யாரோ ஜன்னல் திரையை விலக்கினார்கள். இருக்கையின் அடியிலிருந்து, ஒரு வளையம் வழியாக, கம்பளத்துக்குக் கீழே ஓடிய மெல்லிய இழை ஒன்று அந்தப் பெருவிரலில் முடிந்திருந்தது.

"சுளுக்கு... சுளுக்குக்குக் கட்டினது" என்றார் அசரீரியார்.

"ஏம்மா, வர இருந்த படத்தைக் கெடுத்துட்டியே!" என்று வங்கி அதிகாரி கண்டக்டர் மேல் பாய்ந்தார். பாதிப்பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஏமாற்றியவனை மன்னிக்கலாம், எழுப்பிவிட்டவளை மன்னிக்க முடியுமா?

தையல்காரர் மட்டும் தரையில் உட்கார்ந்து துழாவினார். இழை கையில் சிக்கியது. இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். அந்த விரல்களிடம் பொய் செல்லாது.

"நைலான். மீன் பிடிக்கிறது." மனைவி பக்கம் திரும்பினார். "ஒரு வருஷமா முன்வரிசையில உக்காந்திருக்கேன். தையக்காரன் எனக்கு ஒரு நூல் தெரியாமப் போச்சேடி."

"எந்திரிங்க. அஞ்சு மணி வரைக்கும் டாக்டர் இருப்பார்."

"ஏழாம் பாகம்?"

"வந்தா வரட்டும். நல்லா இருந்தாக் கைதட்டுங்க, இல்லேன்னாத் திட்டுங்க. ரெண்டையும் பாத்துட்டுச் செய்யுங்க."

போனார். இரண்டு கண்ணும் சரியாயிற்று. படம் இன்னும் வரவில்லை. அசரீரியார் வேறொரு தெருவில் கால்பந்துக் கோப்பைக்காக, செத்துப்போன ஓர் ஆட்டக்காரரின் ஆவியை வரவழைப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை இருக்கிறது. வங்கி அதிகாரி முதல் ஆளாக நிற்கிறார்.

தியேட்டரில் படம் முடிந்தால் விளக்கை அவர்களே போட்டுவிடுவார்கள். வெளியே அந்த வசதி கிடையாது, ஐயா. சுவிட்சை நாம்தான் எழுந்துபோய்த் தட்ட வேண்டும்.