மண்ணாங்கட்டி சாரும் என் கல்யாணப் பாலிகையும்

மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து அதற்கு ஜாதகம் சொல்லக்கூடிய மனிதர் கல்கத்தாவிலேயே ஒருவர்தான் இருந்தார். என் அதிர்ஷ்டம், பவானிபூர் மெஸ்ஸில் அவருக்குப் பக்கத்துப் பாய் என்னுடையது. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். எங்களுக்கு மண்ணாங்கட்டி சார். ஹவுரா ஸ்டேஷன் கூலிகளுக்கு 'மாட்டி பாபு', அதாவது மண்ணு பாபு.

இருவரும் ஒரே நிலக்கரிக் கம்பெனியில் குமாஸ்தாக்கள். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். ஆபீசில் பெரியவர்கள் எதைச் சொன்னாலும் எனக்கு வேதவாக்கு. சுரங்கத்துக்குப் போய்த் திரும்புகிற மற்ற குமாஸ்தாக்கள் வழியில் பர்த்வானில் இறங்கி மிட்டாய் வாங்கி வருவார்கள். சார் மட்டும், சுரங்கத்தைத் தோண்டி வெளியே கொட்டிய கரிமண்ணைத் துண்டில் முடிந்து வருவார். ஒரு சிட்டிகை வாயில் போடுவார், கண்ணை மூடுவார், புளிக்கிறது என்பார். உடனே அந்தப் புளிப்பை முறிக்க மண்ணில் கலந்து மெஸ்ஸின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா காலி. அடுப்புச் சாம்பலும் கழுநீரும் அதே வழியில் போயின. ரசம் புளித்தால் அதிலும் சுண்ணாம்பைக் கொட்டிவிடுவாரோ என்று சமையற்காரர் ஈயச் சொம்பைப் பூட்டி வைத்தார்.

நிலத்தின் உயிர் மேலே இருக்கிற ஒரு முழ மண்ணில்தான் என்பது சாரின் கட்சி. தோண்டுமுன் அதைத் தனியே எடுத்து வைத்து, கரி தீர்ந்ததும் திரும்பப் போர்த்த வேண்டும். நாமோ அதை அடியில் போட்டுப் புதைத்துவிட்டு, மேலே புல் முளைக்கவில்லை என்கிறோம். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்த எங்கள் கம்பெனித் துரை, அந்தக் கரிமண்ணில் ஏதாவது முளைத்தால் கொண்டுவாரும், சுரங்கத்து மண்மேட்டில் ஒன்றையே உமக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குக் கல்யாணம் கூடிற்று. பெண்ணும் பவானிபூர்தான். முளைவிடும் பாலிகைச் சட்டிகளுக்குக் கங்கைக்கரை மண் கொண்டுவரும் பொறுப்பைச் சார் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஐந்து சட்டியையும் தன் கையாலேயே நிரப்பினார். சுமங்கலிகள் நவதானியம் விதைத்து, வேளாவேளைக்குப் பாடிப் பால் தெளித்தார்கள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் பார்த்தால் நாலு சட்டி மொட்டை. ஐந்தாவதில் மட்டும் பயிர் திமுதிமுவென்று நிற்கிறது. பெண்ணின் பெரியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இது அபசகுனம், முகூர்த்தத்தை நிறுத்துங்கள் என்றார். சாரோ ஐந்தாவது சட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு கூத்தாடினார்.

"நாலு முளைக்கலை. நீங்க சிரிக்கிறீங்களே ஐயா?"

"அந்த நாலும் முளைக்காதுன்னு எனக்குத் தெரியுமேம்மா. ஒண்ணுல வெறும் கரிமண். அதோட ஒண்ணுல சாம்பல், ஒண்ணுல சுண்ணாம்பு, ஒண்ணுல சாணி. இதுலதான் எல்லாம் கலந்து மேல்மண்ணும் போட்டேன்."

"கல்யாணப் பாலிகையிலயா உங்க சோதனை?"

"இப்படிப் பாட்டுப் பாடிப் பால் தெளிக்கிற ஆளுங்க சர்க்கார் தோட்டத்துல ஏதும்மா?"

பெரியம்மா எழுந்த வேகத்தில் சார் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். என் கல்யாணம் அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது.

"அந்த அஞ்சாவதை மண்ணோட பேத்து மத்த நாலுலயும் பரப்பிட்டா என்ன, பெரியம்மா? எல்லாம் அதே கைங்க விதைச்சதுதானே."

சார் தூணை விட்டு வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷமா இதைத்தானே துரைகிட்ட சொல்றேன்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பரப்பினார்கள். ஐந்து சட்டியும் பச்சையாயிற்று. பெரியம்மா முறைத்தபடியே அட்சதை போட்டார். கங்கையில் கரைக்க வேண்டிய பாலிகையில் ஒன்றைச் சார் கெஞ்சி வாங்கிப்போய்த் துரையின் மேஜையில் வைத்தார். துரையும் சொன்ன சொல் தவறவில்லை. சார் பாயைச் சுருட்டிக்கொண்டு சுரங்கத்துக்கே குடிபோனார். சமையற்காரர் ஈயச் சொம்பைத் திறந்து வைத்தார். ஆனால் அன்றைய ரசம் ஏனோ யாருக்கும் இறங்கவில்லை.

போன மாதம் நானும் என் மனைவியும் அந்தச் சுரங்கத்து வழியாக ரயிலில் போனோம். வரிசையாகக் கறுப்பு மேடுகள், நடுவில் ஒன்று மட்டும் பச்சை. அதன் உச்சியில் ஒருவர் குனிந்து எதையோ கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். ரயில் சத்தத்தில் கேட்காது என்று தெரிந்தும், என் மனைவி ஜன்னலில் எட்டி, வாயைக் குவித்துக் கூப்பிட்டாள்.

"சார், சாப்பிட்டீங்களா?"