ஒரிஜினல் அங்கிளின் பிரிக்காத படங்கள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குடியிருந்த ஒரிஜினல் அங்கிளைப்போல் சினிமாவை நேசித்தவர் உலகத்தில் கிடையாது. அவரைப்போல் வாங்கிய படத்தைப் பார்க்காதவரும் கிடையாது.

துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று தபால்காரருக்கே சந்தேகம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் திருட்டு டிவிடியைத் தொடமாட்டார். “அதுல ஹீரோயின் அழும்போது குறுக்கால ஒருத்தன் எந்திரிச்சு ஒண்ணுக்குப் போறான். த்தூ! வாங்குனா ஒரிஜினல்தான் வாங்கணும்” என்பார். அப்படி வந்த பெயர்.

வாங்கிய ஒரிஜினலை என்ன செய்வார்? அலமாரியில் வைப்பார். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே மாட்டார். பிரித்தால் பழசாகிவிடுமாம். வீட்டுக்குப் போனால், கல்யாணப் பட்டுச்சேலையைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்து முன்பக்கம், பின்பக்கம் காட்டுவார். நாம் கை நீட்டினால் டிவிடி அலமாரிக்குத் திரும்பிவிடும். அதே படம் டிவியில் வந்தால், பற்பசை விளம்பரங்களோடு முழுசாக உட்கார்ந்து பார்ப்பார்.

“அங்கிள், இந்தப் படம்தான் உங்ககிட்ட இருக்கே?”

“இருக்குலா. அது பத்திரமா இருக்கட்டும்.”

தெருவில் டிவிடி விற்ற கடைசிக் கடையும் போன் கவர் விற்கத் தொடங்கியபோது, மிச்சமிருந்ததை எல்லாம் அள்ளி வந்தார். அதில் பாதி தெலுங்குப் படம். “பாஷையா முக்கியம்? ஒரிஜினல்லா!” என்றார்.

இந்தக் கொள்கைக்காகச் சொந்தத் தங்கையையே தள்ளிவைத்தவர் அவர். பூச்சோங்கில் இருக்கும் பார்வதி ஆன்டி ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு டிவிடியை எடுத்து, உறையைப் பல்லாலேயே கிழித்து, படத்தை ஓடவிட்டுவிட்டார். இடுப்பில் துண்டோடு வந்து நின்ற அங்கிள் அலறிய அலறலில் மூன்றாம் மாடிக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று படியிறங்கி ஓடினார்கள்.

“பாக்கத்தானேண்ணே வாங்குன?” என்று ஆன்டி கேட்டதுதான் தாமதம், உறவு அறுந்தது. ஆறு வருடம் பேச்சே இல்லை.

பிறகு அங்கிள் டிவி தொடர்களில் விழுந்தார். அதிலும் அவருக்கு உயிர், ஏழு மணித் தொடர். மாமியாருக்கு விஷம் வைத்தது எந்த மருமகள் என்பதையே ஒரு வருடமாக இழுத்தார்கள். திரையைப் பார்த்து அங்கிள் ஏசுகிற ஏச்சில், நாங்கள் எங்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். கதை அவர் வாயிலேயே தெளிவாக விளங்கிவிடும்.

விஷம் வைத்தவள் பிடிபடும் நாள் வந்தது. மழையும் வந்தது. மழை வந்தால் எங்கள் மாடியில் ஒரு டிவியிலும் படம் நிற்காது. எல்லோரும் அங்கிள் வீட்டு வாசலில் கூடினோம். குட்டி போட்ட பூனைபோல் அலைந்தவர், சட்டென்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“பூச்சோங்குல மழையா?”

ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை.

“இல்லண்ணே.”

“டிவில என்ன ஓடுது?”

“பெரிய மருமவ அழுறா. சின்னவளும் அழுறா.”

“யாருடி விஷம் வெச்சது?”

“தெரியலண்ணே. அதைச் சொல்றப்பதான் உன் போன் வந்துச்சு. அடுப்படில சார்ஜ்ல கெடந்துச்சா, எடுக்க ஓடிட்டேன்.”

வாசலில் நின்ற அத்தனை பேரும் தலையில் கைவைத்தோம்.

“போன எடுக்க ஓடத் தெரியுது, காத அங்க வெச்சுட்டுப் போகத் தெரியலையா?” என்று அங்கிள் கத்தினார்.

ஆன்டி அழுதார். “நீ கூப்பிடுவேன்னு நெனைக்கவே இல்லண்ணே.”

அங்கிள் ஸ்பீக்கரை அணைத்தார். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைக் காதில் அழுத்தியபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மழை நின்றும் கதவு திறக்கவில்லை.

அடுத்த மாதமே அலமாரியோடு பூச்சோங்குக்குக் குடிபோனார், தங்கை வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி. எங்கள் மாடியில் ஏழு மணி இப்போது ரொம்ப அமைதி. போன வாரம் நானே அவருக்குப் போன் போட்டு, புதுத் தொடரில் என்ன கதை என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னார். பின்னாலிருந்து ஆன்டி திருத்திக்கொண்டே இருந்தார். கடைசிவரை கேட்டேன்.

எனக்கு அந்தத் தொடர் பிடிக்கவே பிடிக்காது.