மைக்கில் ஒப்படைத்த மகள்

இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும்போதே, பார்வை போய்விட்டதாக ஒரு ஹால் நிறைய மனிதர்களுக்கு அறிவித்து விடைபெற்றவன் நான்.

கரோல் பாக்கில் மகள் வித்யாவின் நிச்சயதார்த்தம். லக்ன பத்திரிகையை நானே வாசிப்பேன் என்று மைக்கை வாங்கிக்கொண்டேன். (டெல்லியில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வெறும் கோலம்.) பூஜை முடியும்வரை பெண்ணின் அப்பா பட்டினி கிடக்க வேண்டும் என்று நானே ஒரு சாஸ்திரம் வைத்துக்கொண்டு காபிகூடக் குடிக்கவில்லை. போதாக்குறைக்கு வீடியோக்காரர், "அங்கிள்ஜி, தோடா ஸ்மைல்" என்று கொஞ்சம் சிரிக்கச் சொல்லி விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தார்.

இரண்டாவது வரியில் ஒரு புள்ளி மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரம்பப் பல் வைத்த பிறையாக வளர்ந்து ஜொலித்தது. அதில் மாட்டிய எழுத்துகளைக் காணோம். நிமிர்ந்தால், சம்பந்திக்குப் பாதி மீசைதான் இருந்தது. வலி துளியும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நிறையப் படிப்பவனுக்கு வியாதி கண்டுபிடிக்க நேரமாகாது. விழித்திரை கிழிந்துவிட்டது, பின்னாலேயே பக்கவாதம் வருகிறது என்று முடிவுகட்டினேன்.

மத்திய அரசு உத்தியோகத்தில் தலை நரைத்தவன். எங்கே போவதானாலும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போகத் தெரியும். சம்பந்தியின் கையைப் பிடித்தேன்.

"எனக்குக் கண் போயிண்டிருக்கு. வித்யா இனிமே உங்க பொண்ணு. லாக்கர் சாவி அரிசி டப்பால இருக்கு. கேஸ் கனெக்‌ஷன் என் பேர்ல, கமலா பேருக்கு மாத்திக் குடுத்துடுங்கோ."

ரகசியமாகத்தான் சொன்னேன். மைக் வாயருகே இருந்தது மறந்துபோயிற்று.

கமலா, என் மனைவி, தலையில் கை வைத்துக்கொண்டாள். (கண்ணுக்காகவா, அரிசி டப்பாவுக்காகவா என்பதை இன்றுவரை சொல்லவில்லை.) மாப்பிள்ளையின் அத்தை, "இதெல்லாம் பரம்பரையா வருமோ?" என்று பொதுவாகக் கேட்டாள். நாலைந்து தலைகள் கூடிக் கிசுகிசுத்தன. வித்யாவின் முகம் வெளுத்தது. எனக்குப் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியே தாங்கவில்லை. நல்ல சம்பந்தத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

சம்பந்தி மாமி எழுந்து வந்தாள். "ஒரு கண்ணை மூடிண்டு பாருங்கோ. இப்ப மத்தக் கண்ணை. ரெண்டுலயும் ஒரே எடத்துலதானே மினுங்கறது?"

ஆமாம் என்றேன்.

"மைக்ரேன். எனக்கும் வரும், சில நாள் தலைவலியே இல்லாம. கண்ணை மூடிண்டு உக்காருங்கோ, கொஞ்ச நேரத்துல போயிடும். ஆனா நாளைக்கு டாக்டர்ட்ட காமிச்சுடணும்." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "பரம்பரைன்னா அது நம்மாத்துலயும் இருக்கு."

அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அரை மணியில் வெளிச்சம் ஓரமாக நகர்ந்து கரைந்தது. காபி குடித்துவிட்டுப் பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். மறுநாள் டாக்டர், கூத்து நடந்தது கண்ணில் அல்ல, பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் என்றார். பட்டினி, காபி இல்லாமை, கண்கூசும் விளக்கு எல்லாமே கிளப்பிவிடுமாம். முதல் தடவை என்பதால் வந்து காட்டியது சரியாம். ஒரே கண்ணில் மட்டும் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடிவரச் சொன்னார். மைக்கில் அறிவிப்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று வித்யா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். கன்னிகாதானத்துக்குத் தீர்த்தம் விட்டபோது எனக்குக் கண்ணீர் கொட்டியது. சம்பந்தி மாமி குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்:

"இப்ப எதுக்கு அழறேள்? பொண்ணை அன்னிக்கே மைக்ல குடுத்தாச்சு. இது வெறும் ரசீது."