ஆளில்லாத நாற்காலிக்கு வந்த மனு

தலைவர்கள் மக்களின் உணர்ச்சியை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று மனம் நொந்து, அதே உணர்ச்சியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கண்காட்சியில் மாட்டும் ஒருவரை உங்களுக்குத் தெரியுமா? அந்த இனத்துக்கு மக்கள் கலைஞர் என்று பெயர். பெயரை வைத்தது மக்கள் அல்ல.

இவர் கைத்தறிச் சட்டைதான் போடுவார், கசங்கியிருக்கும்படி பார்த்துக்கொள்வார். ஓவியம் வரைய மாட்டார், 'உரையாடலைத் தொடங்குவார்'. தலைவர்கள் கேமரா முன் கண்ணீர் விடுவதைக் கண்டித்து ஒரு மணி நேரம் பேசுவார், நடுநடுவே யாராவது வீடியோ எடுக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார், எடுக்கவில்லை என்றால் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கௌதம்ராஜ் இந்த இனத்தில் நல்ல மாதிரி. போன மாசியில் இராஜபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மேடை போட்டார். ஆளில்லாத நாற்காலி, அதன்மேல் ஒரு துண்டு, அணைத்து வைத்த மைக், பேண்டேஜ் துணி சுற்றிய தலைவர் கட்-அவுட், கீழே ஒரு மனுப் பெட்டி. வெறும் நாற்காலியைக்கூட மக்கள் நம்பிவிடுவார்கள் என்று காட்டுவது நோக்கம்.

காட்டிவிட்டார். அதே பேண்டேஜ் துணியை மடித்து அடுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் வெள்ளத்தாய், ஷிப்ட் முடிந்து போகிற வழியில் மேடையைப் பார்த்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பையிலேயே வைத்திருந்த மனுவோடு உள்ளே வந்தார். அவர் ஊரான சேத்தூர்ப் பக்கம் வந்துகொண்டிருந்த காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆறு மணிக்குக் கம்பெனி கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இன்னொரு நாள் பிந்தினால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மனுவில் பன்னிரண்டு பெண்களின் கையெழுத்து, அதில் இரண்டு கைநாட்டு. நகல் கிடையாது.

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் குரல் உடைந்தது. கௌதம்ராஜும் உருகிப்போனார், உண்மையாகவே உருகினார், பொய் சொல்லக் கூடாது. உருகியபடியே போனை எடுத்தார்.

"அக்கா, செத்த நேரம் அப்படியே நில்லுங்க. கண்ணத் தொடச்சிராதீங்க."

மனு வாங்குகிறவர்கள் போட்டோ எடுப்பது வழக்கம்தானே? வெள்ளத்தாயும் துடைக்காமல் நின்றார்.

பஸ் வரவில்லை. பத்து நாள் கழித்து, பஸ் டிப்போவிலாவது கொடுக்கலாம் என்று மனுவைத் திரும்பக் கேட்டு வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் கௌதம்ராஜ் வீட்டுக்கே போனார். மனு சென்னைக் கண்காட்சியில் இருக்கிறது, அந்தக் கைநாட்டின் முன்னால் நின்று ஆயிரம் பேர் அழுதுவிட்டார்கள் என்று கௌதம்ராஜ் சொன்னார்.

வெள்ளத்தாய் கேட்டார்.

"அழுதவியள்ல டிப்போக்காரவிய யாராச்சும் இருந்தாவளா தம்பி?"

கௌதம்ராஜுக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. நோட்டில் குறித்துக்கொண்டார், அவருடைய அடுத்த படைப்புக்கு அதுதான் தலைப்பு. அடுத்த திங்கட்கிழமை வெள்ளத்தாய் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு பத்து. கேட் பூட்டியிருந்தது. மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

உங்களுக்கும் நெஞ்சு கனக்கிறதா? இதை நாலு பேருக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்துவிட்டீர்களா? அனுப்புங்கள். அந்தக் கைத்தறிச் சட்டை உங்கள் அளவிலும் கிடைக்கிறது.