வெயிலுக்குப் போட்ட துணி

மின்கம்பி எட்டிப் பார்க்காத அந்த மலையூருக்குச் சூரிய மின்சாரம் வழங்குவதென்று மாற்று எரிசக்தித் துறை திருவுளம் கொண்டது. பள்ளிக்கூடக் கூரையில் பலகைகள் ஏறின. வீட்டுக்கு வீடு விளக்கும் மாட்டியாயிற்று. உடனே பலகைகளைத் தடித்த பச்சைத் துணியால் இழுத்து மூடினார் உதவிப் பொறியாளர். (பச்சை அவ்வாண்டு எல்லாத் துறைகளும் விரும்பி அணிந்த நிறம்.) இயக்குநர் வந்து துணியை விலக்கும்வரை பலகைமேல் வெயில் படுவது அத்துமீறல் என்று ஊருக்கு விளக்கவும் செய்தார். சூரியனோ துறை தோன்றுவதற்கு முன்பே உதிக்கத் தொடங்கிவிட்டது. அதன்மீது நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை.

ஊர் மருத்துவச்சியின் மருமகளுக்கு நிறைமாதம். மண்ணெண்ணெய் விளக்கை நம்பித் தலைப்பிரசவம் பார்க்க மாமியாருக்குத் துணிவில்லை.

"தம்பி, புள்ள பொறக்குறதுக்குள்ள அந்தத் துணிய எடுத்துடக் கூடாதா?"

"எடுத்துடலாம்மா. இயக்குநர் வரணும்."

"எப்ப வருவாரு?"

"வெயில் தாழ. வெயில் அவருக்கு ஒத்துக்காது."

சொன்னபடியே பொழுது சாய்ந்தபின் இயக்குநர் வந்தார். துணியை விலக்கினார், ஊர் கைதட்டியது. பொத்தானை அழுத்தினார், ஒரு விளக்கும் எரியவில்லை. பொட்டு வெயிலும் காணாத பலகை எதைக் கொடுக்கும்? இயக்குநர் அசரவில்லை. திட்டத்தின் ஒளிமயமான எதிர்காலம் பற்றி இருட்டை நோக்கி உரையாற்றினார்.

உரையின் நடுவில் மருமகளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி மேடையைச் சட்டை செய்யாமல் ஓட்டுநரைப் பிடித்தாள். இயக்குநரின் ஜீப்பை வீட்டு வாசலுக்கு நேராகத் திருப்பி, முன்விளக்கைப் போட வைத்தாள். அந்த டீசல் வெளிச்சத்தில் பேரன் பிறந்தான். சூரிய ஒளித் திட்டத்தின் முதல் பயனாளி என்று துறை அவனை அறிக்கையில் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் பலகைகள் வயிறார வெயில் தின்றன. அந்தியில் ஊரே ஜொலித்தது. பச்சைத் துணி பேரனுக்குத் தூளியாயிற்று.

சில நாளில் உதவிப் பொறியாளர் மூச்சிரைக்க மலையேறி வந்தார். இருட்டில் எடுத்த விழாப் படத்தில் இயக்குநரின் பல் மட்டும்தான் தெரிகிறதாம். விழாவை மறுபடி நடத்தியாக வேண்டும். அதுவரை பலகைகளை மூட அந்தப் பச்சைத் துணி வேண்டும் என்றார்.

ஊர் கொதித்தது. மருத்துவச்சி தூளிக்குக் குறுக்கே இடுப்பில் கைவைத்து நின்றாள். பொறியாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவ படத்துல நீங்க எல்லாருமே நிக்கலாம்னு சொல்லியிருக்காரு. பேப்பர்ல வரும்."

கொதிப்பு அடங்கியது. யாரோ வேட்டி வெளுக்கப் போட ஓடினார்கள். மருத்துவச்சி பேரனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையால் தூளியின் முடிச்சை அவிழ்த்தாள்.

"புள்ளைய வச்சுக்கிட்டு நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"